வெயில் போடும் கணக்கு: ஆமைக்குஞ்சு ஆணா, பெண்ணா?

ஒரு மாசி மாசத்து ராத்திரி. சென்னைக் கடற்கரையில் ஆமை நடைக்குப் போயிருந்தேன். தெரியாதவங்களுக்காக ஒரு சின்ன முன்கதை: ஜனவரியில் இருந்து மார்ச் வரைக்கும் பங்குனி ஆமைகள் நம்ம கரைக்கு முட்டையிட வரும். தன்னார்வலர்கள் ராத்திரி முழுக்க மணலில் நடந்து, ஆமை வந்து போன தடத்தைப் பார்த்து, குழியைக் கண்டுபிடிச்சு, முட்டைகளைப் பத்திரமா எடுத்துட்டுப் போய், வேலி போட்ட பொரிப்பகத்தில் அதே மாதிரி இன்னொரு குழி வெட்டிப் புதைப்பாங்க. அப்படியே விட்டா நாய் தோண்டிடும். நாய்க்குத் தப்பிச்சுப் பொரிச்ச குஞ்சுகளும் கடலை விட்டுட்டு ரோட்டு விளக்கைப் பார்த்து நடந்து செத்துப்போகும். 1970களில் ரோமுலஸ் விட்டேக்கரும் நண்பர்களும் தொடங்கி வச்ச நடை இது. 1988ல் இருந்து மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு விடாம நடத்திட்டு வருது.

அன்னிக்கு ஒரு குழி கிடைச்சது. நூத்திச் சொச்சம் முட்டை, பிங்பாங் பந்து மாதிரி வெள்ளை வெளேர்னு. அப்பாவோட வந்திருந்த ஒரு பொடியன், எட்டு வயசு இருக்கும், குழிக்குப் பக்கத்துல குந்திக்கிட்டுக் கேட்டான்: "அண்ணா, இதுல எத்தனை பாய், எத்தனை கேர்ள்?"

முட்டை எடுத்துட்டிருந்த காலேஜ் பையன் தலையைக் கூடத் தூக்காம சொன்னான்: "இன்னும் முடிவாகலடா."

எல்லாரும் சிரிச்சோம். நானும் ஜோக்னுதான் நினைச்சேன். வீட்டுக்கு வந்து படிக்க ஆரம்பிச்சப்புறம்தான் தெரிஞ்சது, அந்தப் பையன் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. அந்த முட்டைகள் ஆணாகுமா பெண்ணாகுமா என்று அந்த ராத்திரியில் முடிவாகியிருக்கவில்லை. இனிமே அதைப் புதைக்கப் போற மணலோட சூடுதான் முடிவு பண்ணப் போகுது. இந்த விஷயத்தை மனுஷன் கண்டுபிடிச்ச கதையும், கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடி நல்ல மனசோட செஞ்சு வச்ச குளறுபடியும்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ, காபி ஏதாவது எடுத்துட்டு வந்து உட்காருங்க :-)

கிரேக்கத்துல ஆரம்பிப்போம்

சூட்டுக்கும் ஆண் பெண்ணுக்கும் சம்பந்தம் இருக்குன்னு சொன்னது ஒண்ணும் புது ஆளுங்க இல்லை. எம்பெடாக்கிள்ஸ் என்ற கிரேக்க அறிஞர், கருப்பை சூடா இருந்தா ஆண், குளிர்ந்திருந்தா பெண் என்றார். அரிஸ்டாட்டில் அதை மறுத்தார். ஆனா அவரும் சூட்டை விடவில்லை. தகப்பனோட சூடு ஜெயிச்சா ஆண், தோத்தா பெண் என்று வேற மாதிரி சொன்னார். வடகாத்து அடிக்கும்போது சேர்ந்தா ஆண் குட்டி, தென்காத்து அடிக்கும்போது சேர்ந்தா பெண் குட்டி என்று ஆட்டிடையர்கள் சொல்வதையும் எழுதி வச்சிருக்கார்.

இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல இந்த மாதிரி யூகங்கள்தான். 1905ல் கதவைச் சாத்தினாங்க ஒரு அம்மா. நெட்டி ஸ்டீவன்ஸ் என்று பேர், அமெரிக்காவில் பிரின் மார் கல்லூரியில் வேலை. மாவுப்புழுவோட செல்களை நுண்ணோக்கியில் வச்சு எண்ணிப் பார்த்தாங்க. பெண்ணுக்கு 20 பெரிய குரோமோசோம். ஆணுக்கு 19 பெரிசு, ஒண்ணு மட்டும் குட்டி. அந்தக் குட்டி குரோமோசோம் வந்து சேர்ந்தா ஆண், இல்லைன்னா பெண். இன்னிக்கு நாம ஒய் குரோமோசோம் என்று சொல்றது அதைத்தான். அதே வருஷம் எட்மண்ட் வில்சனும் இதே மாதிரி முடிவுக்கு வந்தார்.

மனுஷனுக்கும் இதே கணக்குதான். குழந்தை பெண்ணாகுமா ஆணாகுமா என்பது தகப்பனோட விந்தணு கொண்டு வர்ற குரோமோசோமில் இருக்கு. இருந்தும் இதுக்கப்புறமும் எத்தனையோ வருஷம் "பொட்டப் புள்ளையாவே பெத்துப் போடுறா"ன்னு மருமகளைத்தான் திட்டினோம். அது தனிக்கதை, இன்னொரு நாள் பேசுவோம்.

விஷயத்துக்கு வருவோம். ஸ்டீவன்ஸ், வில்சனுக்கு அப்புறம் விஞ்ஞானிகள் மனசில் ஒரு விதி ஆழமா பதிஞ்சது: ஆணா பெண்ணா என்பது கரு உருவாகிற அந்த நொடியில் தீர்மானமாகிற விஷயம், அப்புறம் மாறாது. கோழிக்குக் கணக்கு தலைகீழ், அங்கே தாயோட முட்டைதான் முடிவு செய்யுது. ஆனா விதி அதே விதிதான். சூடு, காத்து எல்லாம் பழைய மூடநம்பிக்கைக் கணக்கில் போய்ச் சேர்ந்தது.

டாக்காரில் ஒரு ஓணான்

1966. மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டுத் தலைநகர் டாக்கார். (வங்கதேசத்து டாக்கா இல்லை, இது டாக்கார்.) அங்கே மட்லேன் ஷார்னியே என்ற பிரெஞ்சு விலங்கியலாளர், அந்த ஊர் ஓணான்களோட கருவை ஆராய்ந்துகிட்டு இருந்தார். செந்தலை ஓணான், அகாமா வகை. ஆணுக்குத் தலை மட்டும் செக்கச்செவேல்னு, உடம்பு நீலமா இருக்கும். நம்ம வேலியில் தலையாட்டிட்டு இருக்கிற ஓணானுக்குத் தூரத்துச் சொந்தம்.

முட்டைகளை வேற வேற சூட்டில் வச்சு வளர்த்தப்போ அவர் ஒரு விநோதத்தைப் பார்த்தார். கொஞ்சம் குளிர்ச்சியா, 26-27 டிகிரியில் வச்ச முட்டைகளில் கிட்டத்தட்ட எல்லாமே பெண். 29 டிகிரியில் வச்சதில் ஆண். ரெண்டுக்கும் நடுவில் இரண்டு மூணு டிகிரிதான் வித்தியாசம். நம்ம ஊர் மின்விசிறியை ரெண்டுல இருந்து நாலுக்குத் திருப்புற அளவு!

பிரெஞ்சு மொழியில் சின்னதா ஒரு கட்டுரை எழுதினார். முதுகெலும்புள்ள ஒரு பிராணிக்கு முட்டை இருக்கிற இடத்தோட சூடு ஆண் பெண்ணை முடிவு பண்ணுதுன்னு உலகத்துக்குச் சொன்ன முதல் கட்டுரை அதுதான். ஆனா அது எழுப்பியிருக்க வேண்டிய சத்தம் எழவில்லை. ஆங்கிலம் பேசற ஆராய்ச்சி உலகம் பல வருஷம் அதைக் கண்டுக்கவே இல்லை.

ஒரு பின்கதையும் உண்டு. 2018ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இந்தச் செந்தலை ஓணானையே எடுத்து மறுபடி சோதிச்சுப் பார்த்தாங்க. ஷார்னியே சொன்னது சரி, சூடுதான் என்று உறுதியாச்சு. அம்பத்திரண்டு வருஷம் கழிச்சு ஒரு ரசீது.

மெல்ல மெல்ல நம்பினார்கள்

அடுத்து வந்தவர் பாரிஸைச் சேர்ந்த குளோத் பியோ. 1970களின் தொடக்கத்தில் ஐரோப்பியக் குளத்து ஆமை முட்டைகளை வச்சுச் சோதிச்சார். இங்கே கணக்கு ஓணானுக்கு நேர் எதிர். குளிர்ச்சியில் வச்சா ஆண், சூட்டில் வச்சா பெண்.

1976ல் அமெரிக்காவில் செஸ்டர் இண்டெமா என்பவர் அந்த ஊர் கடிக்கிற ஆமையை எடுத்துக்கிட்டார். அது இன்னும் விசித்திரம். 20 டிகிரியில் எல்லாம் பெண். நடுவாந்திரச் சூட்டில் பெரும்பாலும் ஆண். 30 டிகிரிக்குப் போனா மறுபடி எல்லாம் பெண்!

இதெல்லாம் ஆய்வகத்துப் பெட்டிக்குள்ள நடந்த கூத்து, செயற்கையான சூட்டில் கரு குழம்பிப்போச்சு, இயற்கையில் இப்படி நடக்காது என்று ஒரு வாதம் வைக்கலாம் இல்லையா? அதுக்கும் பதில் வந்தது. ஜேம்ஸ் புல், ரிச்சர்ட் வோக்ட் என்ற இருவர் மிசிசிப்பி ஆற்றங்கரை ஆமைகளின் கூடுகளையே போய்ப் பார்த்தாங்க. 1979ல் 'சயன்ஸ்' இதழில் வெளியானது. வெட்டவெளி வெயிலில் இருந்த கூடுகளில் பெண் குஞ்சுகள். செடி கொடி நிழலில் இருந்த கூடுகளில் ஆண் குஞ்சுகள். ஆக, இது ஆய்வகக் கோளாறு இல்லை. தாய் ஆமை எந்த இடத்தில் குழி தோண்டுதோ, அந்த இடத்து நிழலும் வெயிலும்தான் பிள்ளைகளைத் தீர்மானிக்குது.

இப்போ தெரிஞ்ச வரைக்கும், சோதிச்சுப் பார்த்த முதலை இனம் எல்லாத்துக்கும், கடலாமைகள் எல்லாத்துக்கும், நன்னீர் ஆமைகளில் பலவற்றுக்கும், பல்லி ஓணான் வகையில் சிலவற்றுக்கும், நியூசிலாந்தில் மட்டும் இருக்கிற டுவாட்டாராவுக்கும் இதுதான் வழி. பாம்புகள் இதில் சேர்த்தி இல்லை, அதுங்களுக்குக் குரோமோசோம் கணக்குதான்.

இன்னொரு முக்கியமான சங்கதி. முழு அடைகாலமும் இதில் கணக்கில்லை. அடைகாலத்தை மூணு பங்காப் பிரிச்சா, நடுப்பங்குதான் முடிவெடுக்கிற நேரம். ஐம்பது நாள் முட்டைன்னா மூணாவது வாரத்தில் இருந்து அஞ்சாவது வாரம் வரை. அதான் அந்தக் காலேஜ் பையன் சொன்ன "இன்னும் முடிவாகல".

பிள்ளையார் பிடிக்கப் போய்...

இனிமேதான் கதையோட வலிக்கிற பகுதி.

ஆமைக்குஞ்சை வெளியில் இருந்து பார்த்து ஆண் பெண் சொல்ல முடியாது. வயித்தைத் திறந்து உள்ளே இருக்கிற சுரப்பியைப் பார்த்தாத்தான் தெரியும். காப்பாத்த வந்தவங்க யாரு குஞ்சைக் கொன்னு பார்ப்பாங்க? பொரிச்சுதா, கடல்ல விட்டோமா, எத்தனை விட்டோம்னு எண்ணினோமா, அவ்வளவுதான். அதனால உலகம் முழுக்கப் பல வருஷமா முட்டைகளை எடுத்துக் காப்பாத்திட்டிருந்தவங்க, தங்களுக்கே தெரியாம ஆணா பெண்ணான்னு தேர்ந்தெடுத்துக்கிட்டும் இருந்தாங்க.

கெம்ப் ஆமை என்று ஒண்ணு. நம்ம பங்குனி ஆமைக்கு ஒண்ணுவிட்ட தங்கச்சின்னு வச்சுக்கலாம். மெக்சிகோவில் ராஞ்சோ நுவேவோ என்ற கடற்கரைதான் அதுக்கு முக்கியமான பிரசவ வீடு. 1947ல் ஒரு பொறியாளர் அங்கே ஒரே பகலில் ஆமைகள் கூட்டமா கரையேறுவதைப் படம் பிடிச்சார். பின்னாடி அந்தப் படத்தை வச்சுக் கணக்குப் போட்டவங்க சுமார் 40,000 ஆமைகள் என்றார்கள். 1985ல் வருஷம் முழுக்கக் கிடைச்ச கூடுகள் எத்தனை தெரியுமா? 702.

அழிவு கண்ணுக்கு முன்னாடி தெரிஞ்சதால, 1978ல் மெக்சிகோவும் அமெரிக்காவும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டாங்க. வருஷத்துக்குச் சுமார் 2,000 முட்டைகளை எடுத்து, தெர்மோகோல் பெட்டியில் மணல் போட்டு வச்சு, டெக்சாஸில் பாட்ரே தீவுக்குக் கொண்டு போவது. பொரிச்ச குஞ்சுகளை அந்தக் கரையில் கடல் வரைக்கும் நடக்க விட்டு, மறுபடி வலை வச்சுப் பிடிப்பது. அந்த மணலும் தண்ணியும் பிறந்த வீடா மனசில் பதியணும் என்பது எண்ணம். அப்புறம் கால்வெஸ்டனில் ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவா தொட்டியில் வளர்த்து, ஓரளவு உடம்பு வந்ததும் கடலில் விடுவது. எவ்வளவு அக்கறை, எவ்வளவு உழைப்பு பாருங்க.

தெர்மோகோல் பெட்டிக்குள்ள வெயில் பட்ட மணலோட சூடு கிடையாது. பெட்டி கொஞ்சம் குளிர்ச்சி. கொஞ்சம் குளிர்ச்சின்னா கடலாமையில் என்ன? ஆண். ஆரம்ப வருஷங்களில் வளர்த்த குஞ்சுகளில் ஆண்தான் அதிகமா இருந்ததுன்னு பின்னாடி தெரிய வந்தது. உலகத்திலேயே அதிக ஆபத்தில் இருந்த கடலாமை, முட்டையிடப் பெண் ஆமை இல்லாம தவிச்ச நேரத்தில், லட்சக்கணக்கில் செலவு பண்ணி ஆண் ஆமைகளை உற்பத்தி பண்ணியிருக்காங்க. பிள்ளையார் பிடிக்கக் குரங்காச்சு.

இது ஒரு இடத்துக் கதை மட்டும் இல்லை. கனடாவின் நிக்கலஸ் ம்ரோசோவ்ஸ்கி, மேலே சொன்ன இண்டெமாவோட சேர்ந்து, கடலாமைக்கும் இந்தச் சூட்டுக் கணக்கு உண்டு, பொரிப்பகம் நடத்துறவங்க ஜாக்கிரதை என்று 1980லேயே எழுதினார். 1982ல் தென் அமெரிக்காவின் சுரினாமில் தெர்மோகோல் பெட்டியில் பொரிச்ச பேராமைக் குஞ்சுகள் ஆண் பக்கம் சாய்ந்திருப்பதைக் காட்டினார். அதே வருஷம் கோஸ்டா ரிகாவில் வேலை செஞ்ச இன்னொரு குழு, இப்போதைய பாதுகாப்பு முறைகளே கடலாமைக்கு ஆபத்து என்று தலைப்பிலேயே போட்டு எழுதிச்சு. காப்பாத்துறவங்களுக்கு அது எப்படிச் சுட்டிருக்கும்!

தப்பு எதிர்ப்பக்கமும் நடந்தது. மலேசியாவில் திரங்கானு மாநிலத்து ரந்தாவ் அபாங் கடற்கரை, ஏழுவரி ஆமைக்குப் பேர் போன இடம். மேல் ஓட்டுக்குப் பதிலா தோல் போர்த்திய, காரளவு பெரிய ஆமை அது. அங்கே 1961ல் இருந்து பொரிப்பகம் வச்சுக் குஞ்சுகளைக் கடலில் விட்டுட்டு வந்தாங்க. பின்னாடி சூட்டை அளந்து பார்த்தப்போ, அந்தத் திறந்தவெளிப் பொரிப்பகத்து மணல் ரொம்பச் சூடு. கிட்டத்தட்ட எல்லாமே பெண் குஞ்சுகளா பொரிச்சிருக்க வேண்டும் என்று தெரிஞ்சது. 1950களில் வருஷத்துக்குப் பத்தாயிரம் கூடு வரை பார்த்த கரை அது. 2000களில் விரல் விட்டு எண்ணலாம். மீன் வலையும், முட்டை திங்கிறதும்தான் பெரிய காரணம், பொரிப்பகத்து மேல முழுப்பழியும் போட முடியாது. ஆனா காப்பாத்தின முட்டையும் கை கொடுக்காம போனதுக்கு இந்தச் சூடு ஒரு காரணமா இருந்திருக்கலாம்.

கெம்ப் ஆமைக் கதைக்கு மட்டும் கொஞ்சம் நல்ல முடிவு. விஷயம் தெரிஞ்சதும் 1985ல் இருந்து பெட்டிகளோட சூட்டைக் கூட்டினாங்க, பெண் குஞ்சுகள் அதிகமாச்சு. 1996ல், தொட்டியில் வளர்த்து விட்ட ஆமைகளில் இரண்டு பாட்ரே தீவுக் கரைக்கே வந்து முட்டையிட்டதைப் பார்த்தாங்க. அங்கே இருந்தவங்களுக்கு எப்படி இருந்திருக்கும்னு நினைச்சா எனக்கே ஒரு மாதிரி ஆகுது.

நம்ம ஊர்ப் பங்கு

இந்த வரலாற்றில் நம்ம ஆளுங்களும் இருக்காங்க.

மாமல்லபுரம் போற வழியில் வடநெம்மேலி முதலைப் பண்ணையைப் பார்த்திருப்பீங்க. 1976ல் தொடங்கினது. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் போய் "முதலை அசையவே இல்லையே, பொம்மையா?"ன்னு கேட்டுட்டு வந்த இடம்தான் நம்மில் பலருக்கு. அங்கே ஜெஃப்ரி லாங், ஹாரி ஆண்ட்ரூஸ், ரோமுலஸ் விட்டேக்கர் மூணு பேரும் நம்ம நன்னீர் முதலை முட்டைகளை வச்சுச் செஞ்ச ஆராய்ச்சி 1989ல் வெளியானது. 28ல் இருந்து 31 டிகிரி வரைக்கும் பெண் மட்டும். 32.5ல் ஆண் மட்டும். 33 போனா மறுபடி ரெண்டும் கலந்து. ஒன்றரை டிகிரியில் ஆட்டமே மாறுது பாருங்க.

இதுக்குக் கொஞ்சம் முன்னாடி, 1982ல் அமெரிக்க முதலையைச் சோதிச்சவங்க 30ம் அதுக்குக் கீழயும் பெண், 34ம் அதுக்கு மேலயும் ஆண் என்று எழுதியிருந்தாங்க. குளிர்ச்சின்னா பெண், சூடுன்னா ஆண் என்று நேர்கோடா முடிஞ்சுடும் போலத் தெரிஞ்சது. லாங்கும் ஆண்ட்ரூஸும் 1994ல் பல முதலை இனங்களைச் சேர்த்துப் பார்த்து, அப்படி இல்லை, இன்னும் சூட்டைக் கூட்டினா திரும்பவும் பெண் வருது என்று காட்டினாங்க. அந்தப் பாடத்தில் வடநெம்மேலி மணலுக்கும் பங்கு உண்டு.

பங்குனி ஆமைக்கு வருவோம். ஒடிசாவில் லட்சக்கணக்கில் கரையேறுமே, அதே ஆமை. உத்கல் பல்கலைக்கழகத்தின் பிரியம்பதா மொஹந்தி ஹெஜ்மாடியும் அமெரிக்காவின் மேரி டைமண்டும் சேர்ந்து 1983ல், இந்த ஆமைக்கும் ஆண் பெண் தீர்ப்பு சொல்றது சூடுதான் என்று காட்டினாங்க. இந்தப் பிரியம்பதா அம்மாவைப் பத்திப் படிச்சு அசந்துட்டேன். 1954ல் டில்லியில் நடந்த பல்கலைக்கழக இளைஞர் விழாவில் ஒடிசி ஆடி, அந்த நடனத்தை வெளியுலகம் திரும்பிப் பார்க்க வச்சவங்களும் இவங்கதான்! ஒரே ஆள். சிலபேருக்கு மட்டும் நாளுக்கு நாற்பத்தெட்டு மணி நேரம் போல.

எப்படி, ஏன்?

எப்படி நடக்குது என்பதைச் சுருக்கமா சொல்லிடறேன். கருவில் ஆரம்பத்தில் இருக்கிற சுரப்பி ரெண்டுங்கெட்டான். விதையாகவும் மாறலாம், சூலகமாகவும் மாறலாம். கடலாமையில் சூடு அதிகமானா, பெண் ஹார்மோனைத் தயாரிக்கிற ஒரு நொதி முடுக்கிவிடப்பட்டு, சுரப்பி சூலகமாகுது. அந்தச் சூட்டை உணர்கிற ஸ்விட்ச் எது என்பதுதான் ரொம்ப நாள் புதிர். 2018ல் சீன, அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள், மீன்தொட்டிக் கடையில் விற்பாங்களே சிவப்புக்காது ஆமை, அதில் ஒரு ஜீனைப் பிடிச்சாங்க. குளிர்ச்சியில் அது விழிச்சுக்கிட்டு ஆண் வேலையைத் தொடங்கி வைக்குது. அதை மட்டும் அடக்கிட்டா, ஆணாக வேண்டிய குளிர்ச்சியிலும் பெரும்பாலான கருக்கள் பெண்ணாகிடுது. 2020ல் அதே குழு, சூடு அந்த ஜீனை எந்த வழியா அடக்குது என்பதையும் காட்டிச்சு.

ஏன் இப்படி ஒரு ஏற்பாடு? 1977ல் சார்னோவ் என்பவரும், மேலே பார்த்த ஜேம்ஸ் புல்லும் ஒரு விளக்கம் சொன்னாங்க. சில சூட்டில் வளர்ந்தா ஆணுக்கு லாபம், சிலதில் பெண்ணுக்கு லாபம் என்று இருந்தா, இந்த முறை நிலைச்சு நிற்கும். சொல்றது சுலபம், நிரூபிக்க முப்பது வருஷம் ஆச்சு. 2008ல் ஆஸ்திரேலியாவில் வார்னர், ஷைன் இருவரும் ஒரு ஓணான் வகையை எடுத்து, ஹார்மோன் தந்திரத்தால் பெண் பிறக்கிற சூட்டிலும் ஆண்களைப் பிறக்க வச்சு, வருஷக்கணக்கா வேலிக்குள்ள விட்டுப் பார்த்தாங்க. இயற்கையா ஆண் பிறக்கிற சூட்டில் பிறந்த ஆண்களுக்குத்தான் பிள்ளைகள் அதிகம். பெண்ணுக்கும் அப்படியே. கணக்கு சரி.

கரையில் தெரியாத பஞ்சம்

இப்போ இது பழைய கதை மட்டும் இல்லைன்னு சொல்லி முடிக்கிறேன்.

ஆஸ்திரேலியாவில் பெருந்தடுப்புப் பவளத்திட்டின் வடக்கே ரெய்ன் தீவு. பேராமைகளோட மாபெரும் பிரசவ வீடு. அந்த வடபகுதிக் கூட்டத்தில் மட்டும் முட்டையிடுகிற பெண் ஆமைகள் சுமார் 2,00,000 என்று மதிப்பு. 2018ல் வெளியான ஆய்வில், அந்த வடக்குக் கரைகளில் பிறந்த ஆமைகளைப் பிடிச்சுச் சோதிச்சாங்க. பெரிய ஆமைகளில் 86.8 சதவீதம் பெண். இளசுகளில் 99.1 சதவீதம் பெண். கொஞ்சம் குளிர்ச்சியான தெற்குக் கரைகளில் பிறந்தவற்றில் 65-69 சதவீதம்தான். அதாவது மணல் சூடாகச் சூடாக, வருஷக்கணக்கா ஆண் பிறப்பதே அங்கே அநேகமா நின்னு போச்சு.

இதை ஏன் முன்னாடியே யாரும் கவனிக்கலை? இந்த இடம்தான் என்னை ரொம்ப யோசிக்க வச்சது. நாம கடலாமையை எண்றது கரையில். கரைக்கு வர்றது பெண் மட்டும். ஆண் ஆமை குஞ்சா கடலில் இறங்கினா, அப்புறம் ஒரு சில இடம் தவிர கரையேறுவதே இல்லை. ஆக, பெண் குஞ்சுகள் அதிகமா பொரிச்சா என்ன ஆகும்? இருபது வருஷம் கழிச்சு கரையில் கூடுகள் கூடும்! "ஆஹா, நம்ம பாதுகாப்பு பலிச்சுடுச்சு"ன்னு சந்தோஷப்படுவோம். ஆண் பஞ்சம் கடலுக்குள்ள நடக்கும், நம்ம நோட்டுப்புத்தகத்தில் தெரியாது. ஒரு ஆண் பல பெண்களோட சேரும் என்பதால் பெண் கொஞ்சம் அதிகமா இருப்பதில் தப்பில்லை. ஆனா எவ்வளவு அதிகம் வரை தாங்கும் என்பதுதான் இப்போ எல்லாரையும் குடையற கேள்வி.

அப்போ என்ன செய்யலாம்? பொரிப்பகத்துக்கு மேல நிழல்வலை கட்டலாம், கீத்துப் பந்தல் போடலாம், தண்ணி தெளிக்கலாம். பல நாடுகளில் செஞ்சு பார்க்கிறாங்க. ஆனா ஒரு நிமிஷம். தெர்மோகோல் பெட்டிக்காரங்களும் நல்லதுன்னு நினைச்சுத்தானே செஞ்சாங்க? நிழலைக் கொஞ்சம் தாராளமா போட்டா மறுபடி ஆண் கூட்டம். அதனால நான் படிச்சதில் இருந்து எடுத்துக்கிட்டது இதுதான்: முட்டையைத் தொடாம விட முடிஞ்சா அதுதான் உத்தமம், தொட்டே ஆகணும்னா குழிக்குள்ள தெர்மாமீட்டர் வச்சு, நாள் தவறாம எழுதி வைக்கணும். ஷார்னியேவும் அதைத்தான் செஞ்சார்: சூட்டை அளந்தார், குஞ்சைப் பார்த்தார், எழுதி வச்சார்.

நம்ம கடற்கரையை நாய்க்கும் ரோட்டு விளக்குக்கும் விட்டுக்கொடுத்துட்டதால தொடாம விட நமக்கு வழியில்லை. ராத்திரி கண் முழிச்சு முட்டை சுமக்கிற பசங்க மேல எனக்கு மரியாதை கூடியிருக்கே தவிர குறையலை. விளக்கை அணைக்க வேண்டியது அவங்க இல்லை, நாமதான்.

நாற்பத்தஞ்சு நாளுக்கு அப்புறம் குஞ்சுகளை விடுறதைப் பார்க்கப் போயிருந்தேன். அந்தப் பொடியனும் அப்பாவோட வந்திருந்தான். உள்ளங்கை அளவு கூட இல்லாத குஞ்சுகள் தத்தித் தத்தி அலைக்குப் போச்சு. "இப்பவாவது முடிவாச்சா அங்கிள்?"னு என்னைக் கேட்டான். முடிவாயிடுச்சு, ஆனா நமக்குத் தெரியாது, பெண்ணா இருந்தா நீ பெரியவனானதும் இந்தப் பக்கத்துக் கரைக்கு வரும் என்றேன்.

"ஆணா இருந்தா?"

"வராதுடா. அது கடல்லயே இருக்கும்."

கொஞ்ச நேரம் அலையையே பார்த்துட்டு இருந்தான். அப்புறம் கடைசியா போன ஒரு குஞ்சுக்கு மட்டும் டாட்டா காட்டினான்.